அக்காவை நிறுத்திவைத்த கரை

என் அக்காவை இலண்டனுக்கு வரவிடாமல் தடுத்தவள் நான்தான்.

எழுதிவிட்டேன். இத்தனை ஆண்டுகள் நெஞ்சில் கிடந்து அழுத்திய பாரம், தாளில் இறக்கினால் ஒரு வரிக்குமேல் நீளவில்லை... இதற்கா இவ்வளவு காலம்!

நீங்கள் கிழக்கு இலண்டனில் வாழ்பவராக இருந்தால் என் அக்கா, ஆசிரியை யோகராணி ரீச்சரைப் பற்றிக் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடலடியில் பூமி குலுங்கி, அலை எழுந்து வந்து முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துக்கொண்டு போனபோது, கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே காலையில் இழந்தவர். அதன் பின்னும் வெளிநாடு வர மறுத்து, அதே மண்ணில் நின்று ஊரைக் கட்டியெழுப்பியவர். அப்படித்தான் உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும்.

சொன்னவள் நான். மேடையேறி, ஒலிவாங்கியைப் பிடித்து, கண்ணீரோடு சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள்.

அவள் மறுக்கவில்லை. வர ஆசைப்பட்டாள். கேட்டாள். என்னிடம்தான் கேட்டாள்.

அக்கா எனக்குப் பெற்றவளைப் போன்றவள் என்று எழுதினால் அது மிகவும் பழகிப்போன சொல்லாகிவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே வெளிக்கிட்டு வன்னிக்குப் போன காலத்தில் எனக்கு மலேரியா கண்டது. நினைவு தப்பி, வாயில் நுரை தள்ளிக் கிடந்தேனாம். அக்கா என்னைச் சைக்கிளின் பின்னிருக்கையில் இருத்தி, என் உடலைத் தன் முதுகோடு சேலையால் கட்டிக்கொண்டு, சேற்றிலும் குழியிலும் மிதித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அவள் முதுகின் சூடும் வியர்வை மணமும் மட்டுமே எனக்கு நினைவிருக்கிறது.

அந்த முதுகுக்கு நான் செய்த கைம்மாறு என்ன என்று கேளுங்கள்... அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

பிறகு அக்கா முல்லைத்தீவிலேயே கலியாணம் முடித்தாள். அத்தான் படகு இயந்திரம் திருத்துபவர். துவாரகன், மிதுனா என்று இரண்டு பிள்ளைகள். அக்கா அங்கேயே ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். நான் ஹொலண்டில் இருந்த சிவநேசனை மணந்து அங்கே போனேன். அவருக்கு அந்நாட்டுக் கடவுச்சீட்டுக் கிடைத்ததும் இருவரும் இலண்டனுக்கு வந்தோம். மனோர் பார்க்கில் ஒரு சின்ன வீடு. அவர் மின்கம்பி வேலை செய்தார். நான் அப்டன் பார்க்கில் ஒரு சேலைக் கடையின் பின்னறையில் இருந்து பிளவுஸ் தைத்தேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. தங்கியவையும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. மருத்துவமனை நடையிலேயே என் இளமை தேய்ந்தது. கடைசியில், இனி இல்லை என்று நான் மனதை மூடிக்கொண்ட பிறகு, அந்த மார்கழியில் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது.

நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் இருபத்தாறு காலை. நான் வாந்தியெடுத்துக் களைத்துப்போய்ச் சோபாவில் சுருண்டு கிடந்தேன். தொலைக்காட்சியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் சுமாத்திரா என்றார்கள். பிறகு இலங்கை என்றார்கள். என் கணவர் தொலைபேசியைக் கையில் எடுத்தவர், பின் பல நாள் அதைக் கீழே வைக்கவேயில்லை. முல்லைத்தீவுக்கு எந்த இணைப்பும் கிடைக்கவில்லை.

கடைசியில் அக்காவே தொலைபேசி எடுத்தாள்.

"வதனி... ஒருத்தரும் இல்லையடி."

அவ்வளவுதான் சொன்னாள். திருவெம்பாவைப் பூசைக்கென்று விடியவே உள்நாட்டுப் பக்கமுள்ள கோயிலுக்குப் போயிருந்தாள். பிள்ளைகள் நித்திரை, எழுப்ப மனம் வரவில்லையாம். திரும்பி வந்தபோது வீடு நின்ற இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் இருந்ததாம்.

"மச்சாளைக் கூப்பிடுவம்," என்றார் என் கணவர். "இனி அவவுக்கு ஆர் இருக்கினம்? நாங்கள்தான்."

அவர் சொன்ன மறுநாளே கிறீன் வீதியில் இருந்த ஒரு வழக்கறிஞரிடம் போனார். அவருடைய ஹொலண்ட் கடவுச்சீட்டைக் கொண்டு, தங்கி வாழும் உறவினராக அக்காவை அழைக்க வழியுண்டு, முயன்றால் கிடைக்கும் என்று வழக்கறிஞர் சொன்னார். என் கணவர் மகிழ்ந்துபோய் வந்து மாடியில் இருந்த சின்ன அறையை ஒழித்தார். இளநீல வண்ணம் வாங்கி வந்தார். பிறகு, "நீலம் வேண்டாம், கடலை நினைப்பா," என்று தானே சொல்லிக்கொண்டு, கடைக்குத் திரும்பிப் போய் மஞ்சளாக மாற்றி வந்தார்.

அப்படிப்பட்ட மனிதர் அவர். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்; ஏனென்றால் ஏமாற்றப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

அப்போது நானும் விரும்பினேன். சத்தியமாக விரும்பினேன்! அவளை மடியில் கிடத்தித் தலை தடவவேண்டும் என்று ஏங்கினேன். அப்படியிருந்தவள் எப்படி மாறினேன்? எந்த நாளில்? அதுவும் எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்று கடையில் தையல் இயந்திரத்தின் முன் இருந்தேன். கைத்தொலைபேசி அடித்தது. புதுக்குடியிருப்பில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து அக்கா பேசினாள்.

"பிள்ளை துடிக்குதோ?"

"ஓம் அக்கா. நேற்றுத்தான் முதல்முதலா..."

இரைச்சலினூடே அவள் குரல் வந்தது. அழுகை இல்லாத, தெளிந்த, கிட்டத்தட்ட மகிழ்ச்சியான குரல்.

"பொம்பிளைப் பிள்ளைதான். எனக்குத் தெரியும். கனவிலை கண்டனான். மிதுனா உன்ரை மடியிலை இருக்கிறாள். அதே ரெட்டைப் பின்னல். அவள் உன்னட்டை வந்திட்டாளடி... நான் வந்தால் என்னை அடையாளம் பிடிப்பாள், என்ன?"

ஏதோ சொல்லி இணைப்பைத் துண்டித்தேன். அரைகுறையாய்த் தைத்த பிளவுஸ் கை ஊசிக்கடியில் கிடந்தது. கடைக்காரப் பெண் வந்து, "என்ன வதனி, சுகமில்லையோ?" என்று கேட்டாள். தண்ணீர் குடித்தேன்.

உங்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். துயரத்தில் பித்துப்பிடித்த ஒருத்தியின் பேச்சு என்று நீங்கள் கடந்துபோய்விடுவீர்கள். நானும் கடந்துபோயிருக்க வேண்டும். ஆனால் என் வயிற்றில் இருந்தது என் பிள்ளை! எத்தனையோ ஆண்டு ஏங்கி, ஊசி குத்தி, கால்கடுக்கக் காத்திருந்து கிடைத்த பிள்ளை. அது பிறக்கும் முன்பே இறந்தவளின் பெயரை அதற்குச் சூட்டி, இறந்தவளின் தாய் கைநீட்டிக்கொண்டு நின்றாள். அவள் இந்த வீட்டுக்கு வந்தால், நான் பெறுவேன், அவள் தாயாவாள். அவள் கண் பட்டால் இதுவும் தங்காது. அவள் அழுகை இந்தச் சுவரில் படிந்தால் என் பிள்ளை மூச்சுத் திணறிவிடும்...

யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. எல்லாம் என் தலைக்குள்ளேயே முளைத்தவை.

அடுத்த முறை அவள் எடுத்தபோது நான் தயாராக இருந்தேன். என்ன சொல்லவேண்டும் என்று பேருந்தில் வரும்போதெல்லாம் எனக்குள்ளே சொல்லிப் பார்த்திருந்தேன்.

"சிவநேசன் என்னவோ விசா அலுவல் பாக்கிறார் எண்டனி. என்ன மாதிரி இருக்கு?" என்று கேட்டாள் அக்கா. "இஞ்சை கடலைப் பாக்க ஏலாமல் கிடக்கு. காத்து அந்தப் பக்கமாய் அடிச்சாலே நெஞ்சு பதறுது."

"அக்கா, நான் ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லன்."

"அங்கை தாய் தேப்பன் இல்லாமல் எத்தினை பிள்ளையள் நிக்குதுகள். படிச்ச ஆக்கள் எல்லாரும் வெளிக்கிட்டால் இடிஞ்சதை ஆர் திரும்பக் கட்டுறது? நாட்டை ஆர் நிமித்திறது? இஞ்சை வந்து நாலு சுவருக்கை இருந்து என்ன செய்யப்போறியள்?"

பிறகு அவள் மெல்லக் கேட்டாள்:

"நான் வாறது உனக்குக் கரைச்சலோ?"

பாருங்கள், அவள் நேராகவே கேட்டாள்! கதவைத் திறந்துவிட்டாள். ஓம் அக்கா, எனக்குப் பயமாய் இருக்கு, பிள்ளை பிறக்கும்வரை பொறுங்கோ என்று நான் சொல்லியிருக்கலாம். அவள் விளங்கிக்கொண்டிருப்பாள்.

"ஐயோ, அப்பிடியில்லை அக்கா! உங்களை நினைச்சுத்தான் சொல்லுறன்."

"ஓம்..." என்றாள். "நீ சொல்லுறதும் சரிதான். அதுகளுக்கும் ஆர் இருக்கினம்."

நாடு! எத்தனை பெரிய சொல். என்னைப் போன்ற சிறிய மனுசி ஒளிந்துகொள்ள எவ்வளவு இடம் இருக்கிறது அதற்குள்!

அன்று பின்னேரம் மஞ்சள் அறையில் கடைசிப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்த கணவரிடம் போய் நின்றேன்.

"அக்கா வரமாட்டாவாம்."

"ஏன்? என்னவாம்?"

"பள்ளிக்கூடப் பிள்ளையளை விட்டிட்டு வர மனமில்லையாம். ஊரைக் கட்டவேணுமாம்."

அவர் தூரிகையைத் தாழ்த்தினார். கண் கலங்கிவிட்டது. "என்ன மனுசியப்பா!" என்றார். "என்ன மனுசி!"

மறுவாரமே கோயிலில், கடையில், வேலைத்தலத்தில் என்று தெரிந்தவரிடமெல்லாம் அவர் அதைச் சொன்னார். பெருமையோடு சொன்னார். கதை அப்படித்தான் பிறந்தது. அந்த மஞ்சள் அறையில் தொட்டில் போட்டோம்.

என் மகள் ஆரணி ஆனி மாதம் பிறந்தாள். "மிதுனா எண்டு வைக்கிறியோ?" என்று அக்கா ஒரே ஒரு முறை கேட்டாள். ஏற்கெனவே பெயர் பதிந்தாயிற்று என்றேன். பதிந்திருக்கவில்லை. அதன் பிறகு அவள் அந்தப் பெயரை என்னிடம் உச்சரித்ததேயில்லை.

அங்கே அவள் என்னவெல்லாம் செய்தாள் என்பதை நீங்கள் அறிவீர்கள். நானும் உங்களைப் போலவே தொலைபேசியில்தான் அறிந்தேன். உப்பேறிய கிணறுகளைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு இறைத்தாள். இறைக்க இறைக்க உப்பே வந்ததாம், மழை வந்துதான் மாற்றியதாம். தறப்பாள் துணியைக் கூரையாகக் கட்டி, அதன் கீழே பள்ளிக்கூடம் தொடங்கினாள். படம் கீறச் சொன்னால் பிள்ளைகள் எல்லோரும் வீடுதான் கீறினார்கள்; எல்லா வீட்டுக்கும் வெளியே ஒரு ஏணி இருந்ததாம், கூரைக்கு ஏறுவதற்கு.

புதுப் பள்ளிக்கூடம் கட்ட வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்தபோது அந்தப் படங்களைத்தான் அவர்கள் முன் பரப்பினாள். கூரை தட்டையாக வேண்டும், வெளியே சீமெந்துப் படி வேண்டும் என்றாள். வரைபடத்தில் இல்லை என்று பொறியியலாளர் மறுத்தாராம். "அப்ப இந்தப் பிள்ளையள் உள்ளுக்கை வராதுகள். நீங்களே இருந்து படியுங்கோ," என்று சொல்லிவிட்டு எழுந்துவந்துவிட்டாளாம். கடைசியில் படி கட்டினார்கள். முதல் நாள் பிள்ளைகள் வகுப்புக்குள் போகவில்லை. படியில் ஏறி மேலே நின்று கடலைப் பார்த்தார்கள். பிறகுதான் இறங்கி வந்து வாங்கு வரிசைகளில் உட்கார்ந்தார்கள். இதைச் சொல்லும்போது அக்கா சிரித்தாள். அலைக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

அப்போது எனக்குள் ஒரு குரல் எழுந்தது: பார், நீ செய்தது நல்லதுக்குத்தான்! அவளை உயிர்ப்பித்தது இந்த வேலைதான்!

அந்தக் குரலை நான் நம்ப விரும்பினேன். எவ்வளவு விரும்பினேன் தெரியுமா? ஆனால் நான் அவளுக்கு வேலை தேடிக் கொடுக்கவில்லையே... வாசலை மூடினேன். மூடிய வாசலின் வெளியே அவள் ஒரு ஊரைக் கட்டினாள் என்றால், அந்தப் பெருமையில் எனக்கு என்ன பங்கு?

முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டம் ஈஸ்ட் ஹாமில் ஒரு மண்டபத்தில் நடந்தது. யோகராணி ரீச்சரின் தங்கை என்று என்னை மேடைக்கு அழைத்தார்கள். ஆரணியை இடுப்பில் வைத்துக்கொண்டே ஏறினேன். "வா எண்டு எவ்வளவோ கெஞ்சினோம். வரமாட்டன், என்ரை நாடு எழும்பவேணும் எண்டு சொல்லிப்போட்டா," என்றேன். மண்டபம் எழுந்து நின்றது. ஒரு இளம் தாய் ஓடிவந்து என் கைகளைப் பற்றினாள். "உங்கட அக்காவை மாதிரி ஒருத்தி எங்கட வீட்டிலை இல்லையே எண்டு இருக்கு," என்றாள். நான் அழுதேன். உண்மையாகவே அழுதேன்... எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. முதற்குற்றத்தையாவது பயத்தின் தலையில் போடலாம். இதை எதன் தலையில் போடுவேன்?

அடுத்த கோடையில் மறுபடி சண்டை மூளும் என்று எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். என் கணவர் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்:

"வன்னிப் பாதையைப் பூட்டப்போறாங்கள் போலை கிடக்கு. மச்சாளை இன்னொருக்கால் கேட்டுப் பாரும். பூட்டினால் பிறகு ஏலாது."

"கேட்டனான். அதே கதைதான் கதைக்கிறா," என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன்.

நான் கேட்கவில்லை. அந்த வாரம் அக்காவோடு நெடுநேரம் பேசினேன். ஆரணிக்குப் பல் முளைத்ததைப் பற்றிப் பேசினேன்.

அப்போது எனக்கு அக்காமேல் பயமே இருக்கவில்லை. பிள்ளை என் கையில், என்னைத்தான் அம்மா என்றது. ஆனால் அக்கா வந்தால் பேச்சு வரும். "நீதானே வரவேண்டாம் எண்டனி," என்பாள். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்கு அஞ்சி அவளை இரண்டாம் முறையும் அங்கேயே விட்டேன்.

சில வாரத்தில் பாதை மூடப்பட்டது.

அதன் பிறகு மூன்று ஆண்டு, போரின் முடிவு வரை, அங்கே நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் யாரோ அங்கே இருந்திருப்பார்கள். நீங்களும் போரை நிறுத்தச் சொல்லி நாடாளுமன்றச் சதுக்கத்தில் குளிரில் நின்றிருப்பீர்கள். நானும் நின்றேன். பதாகை பிடித்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். ஆரணி தகப்பனின் தோளில் இருந்தாள். பக்கத்தில் நின்ற ஒருவர், "ரீச்சரிட்டையிருந்து ஏதும் செய்தி வந்ததோ?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். "அவவுக்கு ஒண்டும் நடவாது. அப்பிடிப்பட்ட ஆக்களைக் கடவுள் காப்பாத்தும்," என்றார். அவரைப் பார்க்க முடியாமல் பதாகையை உயர்த்திப் பிடித்தேன்.

யாரோ ஒருவர் கணினியில் ஒரு படம் காட்டினார். அக்காவின் பள்ளிக்கூடம். சுவர்கள் இல்லை. தட்டைக்கூரை இல்லை. அந்தச் சீமெந்துப் படி மட்டும் தனியே நின்றது, எங்கும் போகாமல்.

ஆடி மாதத்தில்தான் அழைப்பு வந்தது. வவுனியாவுக்கு அருகே, முள்வேலி முகாமிலிருந்து. பேசியது ஒரு இளம் பெண்.

"அன்ரி, நான் கௌரி. ரீச்சரட்டைப் படிச்சனான். ரீச்சர் எனக்குப் பக்கத்திலைதான் இருக்கிறா. ஆனால் அவவுக்குக் காது கேளாது. ஷெல் விழுந்ததிலை ரெண்டு காதும் போட்டுது. நீங்கள் சொல்லுங்கோ, நான் மண்ணிலை எழுதிக் காட்டுறன். அவ கதைப்பா."

இடம்பெயர்ந்து போகும் வழியிலும் அக்கா பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பித்திருக்கிறாள். ஒரு மரத்தடியில், தறப்பாளின் கீழ். அங்கேதான் எறிகணை விழுந்தது. கௌரி இறந்துபோன சிலரின் பெயர்களைச் சொன்னாள். அன்று ஏணி வைத்த வீடுகள் கீறி, இப்போது வளர்ந்திருந்த பிள்ளைகள்... போதும் என்றேன்.

பிறகு என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. "அக்காட்டை என்னை மன்னிக்கச் சொல்லி எழுதுங்கோ."

காத்திருந்தேன். மண்ணில் விரல் ஊர்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன். அப்போது அக்காவின் குரல் வெடித்தது. தன் குரலைத் தானே கேளாதவளின் பேச்சு. கத்தலும் கரகரப்புமாய் இருந்தது.

"மன்னிப்போ? ஏன்? நீ என்னடி செய்தனி?"

மறுபடியும் கேட்டாள்! மறுபடியும் கதவு திறந்தது! இந்தமுறை நடுவில் ஒரு அந்நியப் பெண், அவள் விரல், மணல். நான் சொன்னால் அது அங்கே நிலத்தில் எழுத்தாய் நிற்கும்...

"ஒண்டுமில்லை எண்டு எழுதுங்கோ. இவ்வளவு நாளும் ஒரு உதவியும் செய்ய ஏலாமல் போச்சுது, அதுதான் எண்டு எழுதுங்கோ."

"அட விசரி!" என்றாள் அக்கா. பிறகு மூச்சு வாங்கினாள். "வதனி, ஆரணிக்கு நீந்தப் பழக்கு. கேட்டியோ? கட்டாயம் பழக்கு. என்ரையளுக்கு நான் பழக்கேல்லை. கடற்கரையிலை இருந்துகொண்டு பழக்கேல்லை."

சனிக்கிழமைகளில் ஆரணியைக் கவுன்சில் நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போகிறேன். மற்றத் தாய்மார் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் கண்ணாடிக்கு அப்பால் அந்தச் சின்னக் கைகள் தண்ணீரை அடிப்பதைப் பார்த்தபடி இருப்பேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. எவ்வளவு சோர்வாக இருக்கிறது தெரியுமா, நல்லவளாக நடித்துக்கொண்டே இருப்பது...

அக்கா இப்போது முகாமிலிருந்து வெளியே வந்துவிட்டாள். வவுனியாவில் கௌரியின் குடும்பத்தோடு இருக்கிறாள். என் கணவர் இந்தமுறை என்னிடம் விடவில்லை. தானே அழைத்து, தானே கௌரியிடம் சொல்லி எழுதுவித்துக் கேட்டார். "வாறன்," என்று அக்கா ஒரே சொல்லில் சொன்னாளாம். அந்தச் சொல்லைக் கேட்டு அவர் அழுதார். எல்லா அலுவலும் சரிவந்தால் வசந்தத்தில் வந்துவிடுவாள் என்கிறார்.

"வந்தவுடனை அவவிட்டை ஒண்டு கேக்கவேணும்," என்று நேற்றுச் சொன்னார். "அண்டைக்கு எல்லாரும் போன பிறகும் வரமாட்டன் எண்டு சொல்ல எப்பிடி மனம் வந்தது எண்டு. எனக்கெண்டால் ஏலாது."

அவர் கேட்பார். நிச்சயம் கேட்பார். அவள் வியந்து என்னைப் பார்ப்பாள்.

இப்போது உங்களிடம் கடைசியாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இது நேற்றைய குற்றம், பழையதல்ல. அவர் அப்படிச் சொன்ன கணத்தில் என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? அவளுக்குக் காது கேளாது. பேச்சோடு பேச்சாக எதுவும் அவளை எட்டாது... அந்த நினைவில் எனக்கு ஒரு நிம்மதி பிறந்தது. என் அக்காவின் செவிடு எனக்கு நிம்மதி! என்னைக் காவிச் சென்ற முதுகுக்கு உரியவளின் செவிடு!

நான் எப்படிப்பட்டவள் என்று இனி நீங்களே சொல்லுங்கள்.

இன்று காலை என் கணவர் ஒரு வெள்ளைப் பலகை வாங்கி வந்தார். பேனாவால் எழுதி, துணியால் துடைக்கலாம். சமையலறையில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்துச் சுவரில் துளையிட்டுப் பூட்டினார். கதிரையில் உட்கார்ந்து, கண்மட்டம் சரியா என்று இரண்டு தரம் எழும்பி இருந்து பார்த்தார். ஆரணி தன் பெயரை எழுதிப் பார்க்க அடம்பிடித்தாள். முதல் எழுத்து அம்மாவினுடையது என்று அவர் சொல்லிவிட்டார்.

"இந்தாரும்," என்று பேனாவை என்னிடம் நீட்டினார். "அக்காவுக்கு எழுதிப் பாரும். பேனை நல்லாய் எழுதுதோ எண்டு பாப்பம்."

மூடியைக் கழற்றினேன். வெள்ளைப் பலகை விரிந்து கிடந்தது. பேனாவின் நெடி மூக்கில் ஏறியது. இருவரும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தேத்தண்ணி போடட்டோ, அக்கா?" என்று எழுதினேன்.

"வடிவாய்த் தெரியுது," என்றார் அவர்.